மூன்றாவது வரி உன் பாடு

இன்று காலை அசாம் ஜாவா ஊர்க் கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு ஞாயிறு நாளிதழைப் பிரித்தேன். சித்திரக்கதைப் பக்கம் வந்ததும் என் உள்ளங்கை தானாகப் போய்க் கடைசிக் கட்டத்தை மூடிக்கொண்டது. ரவாங் தொழிற்சாலைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து நீ பழக்கிவிட்டது. கடைசிக் கட்டத்தைப் பார்க்கக் கூடாது, முடிவை நாமே சொல்ல வேண்டும். கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போனது.

அந்த விளையாட்டில்தானே நம் ஹைக்கூ தொடங்கியது. சித்திரக்கதையில் ஒரு கண், தலைப்புச் செய்தியில் ஒரு கண். முதல் இரண்டு வரி என் பாடு, மூன்றாவது உன் பாடு. முட்டைக்குத் தட்டுப்பாடு வந்த சமயம், சித்திரக்கதையில் ஒரு கோழி கழுத்துப்பட்டை கட்டி மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. ‘கடையில் முட்டை இல்லை, அமைச்சர் பேசினார்’ என்று எழுதி உன்னிடம் நீட்டினேன்.

“பேசினார்னு ஏன்டி போடுற? இட்டார்னு போடு லா,” என்றாய். பிறகு உன் வரியையும் சேர்த்தாய்.

கடையில் முட்டை இல்லை
அமைச்சர் இட்டார்
ஓர் அறிக்கை

நான் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.

ஒரே ஒருமுறை பத்திரிகைக்கு அனுப்பினோம். தண்ணீர்த் தடை அறிவித்திருந்த வாரம் அது.

நாளை தண்ணீர் வராதாம்
வீடெல்லாம் வாளிகள்
மழை வருது லா

அச்சில் ‘மழை வருகிறது’ என்று திருத்தியிருந்தார்கள். உனக்கு வந்ததே கோபம். “வருகிறதாம். யாரு வீட்ல வருகிறது? நம்ம ஊரு ஈஜோக்ல வருது லா.” பேருந்தில் யாரெல்லாம் அந்த நாளிதழை வைத்திருந்தார்களோ அத்தனை பேரிடமும் வாங்கி, பேனாவால் உன் வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்தாய்.

உன் சாவு வீட்டில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவசரத்துக்கு உன் தம்பி பிடித்து வந்த கூடாரம் தேர்தல் கூடாரம். துணி முழுக்க அச்சடித்த படங்களில், தோற்றுப்போன வேட்பாளர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே உன் சித்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் எனக்கு இரண்டு வரி வந்துவிட்டது. உன் காதில் சொல்லத் திரும்பினேன். நீ பெட்டிக்குள் இருந்தாய். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. “அழாதீங்கக்கா,” என்றான் உன் தம்பி. அவனிடம் என்னவென்று சொல்வது?

இன்னும் வருகிறது. கிளினிக்கில் என் எண்ணைக் கூப்பிடக் காத்திருக்கும்போதும், மகள் காரில் செய்தி கேட்கும்போதும், இரண்டிரண்டு வரியாக வந்து நிற்கிறது. மூன்றாவதை நானே எழுதிப் பார்த்தேன். பிழையில்லை, சிரிப்பும் இல்லை. தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு வேறெதிலும் இவ்வளவு உறைத்ததில்லை.

போன வாரம் மனம் கேட்காமல் ஒன்றை மகளிடம் காட்டினேன். “நல்லாருக்கும்மா,” என்றாள்.

நல்லாருக்கு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வரியைத்தான் சொல்வாய்.