அப்பாவின் நெஞ்சில் தூங்கிப்போன காவலாளிகள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் முழு நலம், அப்பா முக்கால் நலம், மீதிக் காலும் மாத்திரை வழியாக வந்துகொண்டிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமலும் இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆபத்து தாண்டிவிட்டது, இதைப் படித்த கையோடு விமான டிக்கெட் போடாதே. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அப்பா பக்கத்து அறையிலிருந்து யாரு செத்தது என்று கேட்பார், அதனால்தான் கடிதம்.

ஓய்வு பெற்றதும் அப்பா மாடியில் உரத்தொட்டி வைத்தது உனக்குத் தெரியும். தொழிற்சாலைக் காவலாளிகளை மேய்த்த மனிதருக்குக் கடைசியில் காவல் காக்க அழுகிய இலைதான் கிடைத்தது. பக்குவம் பார்க்கிறேன் என்று தினமும் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய மோந்து பார்ப்பார். நான் முகம் சுளித்தால் உனக்கெல்லாம் மூக்கே வேஸ்டு என்பார். பிறகு இருமல் வந்தது. சளி என்றார், தூசி என்றார், என் சமையல் புகை என்றார், தொட்டியை மட்டும் சொல்லவில்லை. இருமலோடு ரத்தம் வந்த அன்று ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால் நுரையீரலில் பூஞ்சை. எனக்குத் தெரிந்த பூஞ்சை பழைய ரொட்டியில் பூப்பது, இவருக்கு நெஞ்சிலேயே பூத்திருக்கிறது.

டாக்டர் உன் வயதுப் பெண், பொறுமைசாலி. அந்தப் பூஞ்சைத் தூள் காற்றில் எங்கும் இருக்குமாம், அழுகும் இலையில் இன்னும் அதிகமாம், எல்லோரும்தான் சுவாசிக்கிறோம், நுரையீரலில் குடியிருக்கும் வெள்ளை அணுக்கள் வந்த இடத்திலேயே அதை விழுங்கிவிடுமாம். தப்பித்தது முளைத்து நூல் விட்டால் விழுங்க முடியாத நீளமாகிவிடும், அப்போது ரத்தத்திலிருந்து இன்னொரு கூட்டம் ஓடிவந்து, சூழ்ந்து, விஷத்தைக் கக்கி, சிலது தன் உடம்பையே கிழித்து வலையாக வீசிச் சாகுமாம். அப்பா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஷிஃப்ட் எப்படி மாறும், கேட்ல எத்தனை பேரு, டியூட்டியில செத்தவங்க குடும்பத்துக்கு என்ன செய்வீங்க என்று கேள்வி மேல் கேள்வி. அவள் சிரித்தபடி, இத்தனை பேர் இருந்தும் உங்க கேட்டை எப்படித் தாண்டுச்சு, வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்றாள். அப்பா கூரையைப் பார்த்தார். நான் மாத்திரைப் பையை நீட்டினேன். மூட்டுவலிக்குக் கொஞ்ச நாள் மட்டும் என்று போன வருஷம் கொடுத்த ஸ்டீராய்டு, இவர் பழைய சீட்டையே காட்டிக் காட்டி வாங்கி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வலி போச்சு, பசி வந்துச்சு என்று பெருமை வேறு. மூட்டுல வீங்கினதும் இதே காவலாளிங்க பண்ண கலாட்டாதான், அவங்களை அடக்குற மாத்திரை நெஞ்சுல இருந்தவங்களையும் சேர்த்துத் தூங்க வச்சிடுச்சு என்றாள் டாக்டர். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டியூட்டியில் தூங்கியவனுக்கெல்லாம் மெமோ கொடுத்தே பேர் வாங்கியவர், தன் ஆட்களுக்குத் தானே தூக்க மருந்து ஊட்டியிருக்கிறார், வேலியே பயிரை மேய்ந்த கதை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பூஞ்சைக்கு மருந்து போகிறது, ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். புதுப் படத்தில் பூஞ்சையின் நிழல் சுருங்கியிருக்கிறது. தொட்டி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, மோந்து மட்டும் பாக்காதீங்க என்று இங்கிருந்தே அவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்று விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் அவருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவள் நாற்காலியிலேயே அசந்துவிட்டேன். விழித்தபோது அவர் போர்வை என் மேல் இருந்தது, மெதுவாப் பேசும்மா, டியூட்டி ஆளு தூங்குது என்று நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காதே, அந்தப் புத்தி உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
தூங்கியும் மெமோ வாங்காத
உன் அம்மா