நரம்பு மாத்திரை

என் பாசமுள்ள அண்ணிக்கு,

கெலாங் பாத்தாவில் உங்கள் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் கண்மூடிய பிறகு, நீங்கள் மிச்சம் வைத்துப்போன சிவப்பு நரம்பு மாத்திரையை அண்ணன் தன் முதுகு வலிக்கு விழுங்க ஆரம்பித்துவிட்டார். டப்பா தீர்ந்ததும் பார்மசியில் புதிதாக வாங்கினார். வலி விடவில்லை என்று இரட்டிப்பாகப் போட்டார்.

"டாக்டர்கிட்ட போலாம்ணே" என்றால், "உன் அண்ணிக்கு முட்டி வலி இதுலதானே போச்சு? வைட்டமின்தானே லா, என்ன செஞ்சிரும்?" என்பார். பிறகு உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிளில் பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்றே தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னார். விடாப்பிடியாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நம் தமிழ்ப் பிள்ளைதான். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், சர்க்கரை இல்ல. பி12-உம் குறையல. குறைஞ்சவங்களுக்குத்தான் இந்த மாத்திரை நல்லா உதவும். சாதாரண முதுகு வலிக்கும் முட்டித் தேய்மானத்துக்கும் கேக்கும்னு சொல்ல சரியான ஆதாரம் இல்ல. இதுல இருக்கிற பி6 அளவுக்கு மீறினா நரம்பையே கெடுக்கும். கால் மரத்துப்போறது அதனாலயும் இருக்கலாம். முதல்ல நிறுத்துங்க."

"அலமாக்! நரம்பு மாத்திரையே நரம்பைக் கெடுக்குமா?" என்று கேட்டுவிட்டேன். பெயரை வைத்தே நம்பிவிட்டோம், அண்ணி. நம் ஆட்களுக்கு எங்கே வலித்தாலும் நரம்புதானே?

அண்ணன் விடவில்லை. "அப்ப அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"மாத்திரை போட்டுட்டு வேற என்ன செய்வாங்க, அங்கிள்?"

"ஒன்னும் இல்லையே. நான் தைலம் போட்டு முட்டிய நீவி விடுவேன். அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பா." சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லுங்கள், அண்ணி. வலி போனதா, இல்லை அவர் மனசுக்காகப் போச்சு என்றீர்களா? உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

டப்பாவை அண்ணனே என்னிடம் கொடுத்துவிட்டார். மரப்பு மெல்லக் குறைகிறது. முதுகுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை முனகிக்கொண்டே செய்கிறார். நேற்று தைலத்தோடு போய் உட்கார்ந்தேன். "உனக்கு நீவவே தெரியல" என்று திட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை.

இனி நான் அடிக்கடி போவேன், அண்ணி. அவர் திட்டட்டும்.

உங்கள் நாத்தனார்,
செல்வி