பதில் மணி

காலடிப்பேட்டை,
4.8.2025

மோட்டார்மேன் ஜெரால்ட் அவர்களுக்கு,

சேசுவுக்கே புகழ். போனை அணைத்து வைத்திருக்கிறேன், அடித்துச் சலிக்க வேண்டாம். அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் ரயில் கார்டு மகிழினி நலமா?

ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து அவள் ரெண்டு மணி அடித்தால் போதும், முன்னாலிருந்து உடனே நீங்கள் ரெண்டு மணி அடிக்கிறீர்கள். நான் சமையற்கட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கூடத்திலிருந்து ஒரு ‘ம்’ வராது. கும்மிடிப்பூண்டியில் வண்டி திரும்பும்போது முனை மாற அவள் அங்கிருந்து நடக்கிறாள், நீங்கள் இங்கிருந்து நடக்கிறீர்கள். நடுவில் நின்று அப்படி என்ன சிரிப்பு? என் கண்ணாலேயே பார்த்தேன். வயிறு எரிகிறது.

இன்னும் உங்கள் மனைவி,
பிலோமி

ராயபுரம்,
7.8.2025

அன்புள்ள பிலோமிக்கு,

அடிப்பாவி! பதில் மணி அடிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது, அது சட்டம். “பிரேக் நல்லா கீதா சார்?” என்பாள், “கீதும்மா” என்பேன். அந்தப் பொண்ணோடு என் பேச்சு அவ்வளவுதான். சிரிக்காமல் முறைக்கவா முடியும்?

நேற்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை. வீடு கம்மென்று கிடக்கிறது. நீ கத்தாமல் தூக்கமே வரவில்லை. வந்துவிடு.

உன் ஜெரால்ட்

காலடிப்பேட்டை,
12.8.2025

என்னங்க,

நேற்று திருவொற்றியூர் ஸ்டேஷனில் கடைசிப் பெட்டிக்கு எதிரே போய் நின்றேன். வண்டி நின்றதும் மகிழினியிடமே கேட்டேன், “முன்னாடி வண்டி ஓட்டுறாரே எங்க வூட்டுக்காரரு, அவரு எப்படிம்மா?”

“ஜெரால்ட் சாரா? தங்கமான மனுசன்க்கா. ஒரு தபாகூட என்னைக் காக்க வெச்சதில்ல. அடிச்சா உடனே பதில் வந்துடும்.”

சொல்லிக்கொண்டே ரெண்டு மணி அடித்தாள். டக்கென்று உங்கள் ரெண்டு மணி. வண்டி போய்விட்டது. நான் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன்.

சந்தேகம் தீர்ந்தது, நல்ல பிள்ளை அவள். பொறாமை தீரவில்லை. அவளுக்குச் சட்டம் இருக்கிறது, பதில் கிடைக்கிறது. இருபது வருஷமாகக் கூப்பிடுகிற எனக்கு எந்தச் சட்டம் இருக்கிறது?

ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சாத்தியே வையுங்கள். வெளியே நின்று ரெண்டு தட்டு தட்டுவேன். உள்ளேயிருந்து ரெண்டு தட்டு கேட்டால்தான் செருப்பைக் கழற்றுவேன்.

பிலோமி