பழைய துணி என்று எழுதிய பெட்டி

வல்லம் வடகால்,
டிசம்பர் 8.

அன்புள்ள அத்தானுக்கு,

சந்திரலேகா எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்கும்போது பயம் வந்தால் மறுபடி இந்த வரிக்கே வந்து பாருங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த லைன் வீட்டில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் "நூறு" என்கிறார்கள். அதோடு, வாயால் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன். குஜராத் பேக்டரியில் புது மெஷின் லைன் ஓட்டிக் காட்டப் போன மனுஷன், மெஷின் முன்னால் நின்றுகொண்டு என் அழுகையைக் கேட்க வேண்டாம்.

பாப்பா இப்போது இரண்டு கிலோ எண்ணூறு. எட்டாம் மாதமே பிறந்த பிள்ளை மாதிரி இல்லை என்று நர்ஸம்மா சொன்னார். மூக்கு மட்டும் உங்கள் மூக்கு, என்ன செய்வது. இருங்கள், ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தூங்குகிறாள். மூச்சு வருகிறது.

போன வாரம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடமே ஏரி மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி பஸ் வரவில்லை. போனில் சார்ஜ் இல்லாததால் பேசவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் டயபர் பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். மேலே "பழைய துணி" என்று நீங்களே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டுப் போனீர்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி பண்டல், எமர்ஜென்சி லைட், வெந்நீர்ப் பை, தூபக்கால், பாப்பாவுக்குச் சாம்பிராணி போட என் அம்மா அன்னக்கிளி பஸ் பார்சலில் அனுப்பிய கொட்டாங்குச்சிக் கரி, எல்லாம் அதற்குள்தான். மூலை அறையில் ஒருமுறை ஸ்டவ் கவிழ்ந்து தீப்பிடித்ததிலிருந்து வீட்டுக்காரர் கன்னியப்பன் அறைக்குள் நெருப்பே கூடாது என்கிறார். கார்த்திகை விளக்கைக்கூட வாசலில்தான் ஏற்ற வேண்டும். சமையலுக்கு இண்டக்‌ஷன், வெந்நீருக்குக் கரண்ட் கெட்டில், அவ்வளவுதான். தெரிந்தால் காலி செய்யச் சொல்வார், யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள் என்று சொன்னது நீங்கள். குறை சொல்ல எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் காலையில் எமர்ஜென்சி லைட் செத்துப்போனது. சுவரெல்லாம் ஈரம். பாப்பாவின் கால் ஐஸ் மாதிரி இருந்தது. உடம்பு குளிரவே விடக்கூடாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! மூன்று போர்வை சுற்றியும் சூடு ஏறவில்லை. மதியம் பெட்டியை இழுத்தேன். பின்பக்க ஜன்னலில் வைத்துக் கற்பூரத்தால் கரியைப் பற்றவைத்தேன். புகை அடங்கி நன்றாகக் கனிந்ததும் தூபக்காலைத் தொட்டில் பக்கம் கொண்டுவந்தேன்.

பிறகு கதவைத் தாழ் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை வெளியே போகக்கூடாது என்று என் கம்பெனி யூனிபார்மை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தேன். வென்டிலேட்டரை அட்டையால் அடைத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே போகவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், அத்தான்.

சற்று நேரத்தில் தலை வலித்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். பாப்பா அழுகையை நிறுத்தினாள். சூடு பட்டதும் தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னால் தாங்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. பக்கத்து அறைத் தென்றல் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரரின் மனைவி கனகம் அக்கா, குழந்தைக்கு வேண்டியிருக்கும் என்று மாடியில் வெந்நீர் வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு மழையில் இறங்கி வந்திருக்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தென்றலும் அவரும் சேர்ந்து கதவை உதைத்துத் திறந்திருக்கிறார்கள். தாழ்வாரத்துக் காற்றில் போட்ட பிறகும் பாப்பா உடனே அழவில்லையாம். எவ்வளவு நேரம் என்று தென்றலிடம் கேட்டேன். அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

சாலை எல்லாம் தண்ணீர். ஆம்புலன்ஸ் வரவில்லை. கன்னியப்பன் தன் டிராக்டரை எடுத்து, தார்ப்பாய் போட்டு எங்களை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் அந்தக் காற்றே விஷம், அதற்கு வாசனையே கிடையாது என்று டாக்டர் சொன்னார். இல்லாத வாசனைக்குப் பயந்துதான் நான் கதவை அடைத்திருக்கிறேன். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். இருபது நாள் கழித்து மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்ததும் கனகம் அக்கா என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். "இன்னா பொண்ணு நீ? மேல வூட்ல கேஸ் எரிஞ்சிக்கினு கீது. அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி குடுன்னு ஒரு வார்த்த கேட்டா நானு இன்னா கட்ச்சித் தின்னுடுவனா?" என்றார். பெட்டி இருப்பது ஒரு மாதமாகவே அவருக்குத் தெரியுமாம். நான் பெருக்கித் தள்ளுகிற குப்பையில் கரித்தூள் கிடந்ததாம். "பச்ச ஒடம்புக்காரி, புள்ளைக்குத் தூபம் போடறான்னு உட்டுட்டேன். அப்பவே கேட்டிருக்கணும்" என்று சொல்லி அவரே அழுதார். நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தேனோ அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கன்னியப்பன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். கரியையும் தூபக்காலையும் எடுத்துப் போய்விட்டார். காலி செய்யச் சொல்வாரா என்று தெரியவில்லை. சொன்னால் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ரூம் பார்க்க வேண்டியதுதான். அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். கரி அனுப்பியது தான்தான் என்று சோறு தின்ன மாட்டாள்.

தென்றல் இப்போது என்னோடுதான் படுத்துக்கொள்கிறாள். கதவைத் தாழ் போடுவதில்லை. நீங்கள் திட்டினால் திட்டுங்கள், எழுதாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். லீவு கிடைக்காது என்று தெரியும். இரண்டு நாளாவது கேட்டுப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அத்தான். அன்றிலிருந்து பாப்பாவைப் பால் கொடுக்க மட்டும்தான் தூக்குகிறேன். மற்ற நேரம் என் கைமேல் நம்பிக்கை இல்லாமல் தென்றலிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வரும்போது அவள் அவர்கள் மடியில் இருந்தால் அங்கே வாங்காதீர்கள். என்னை எடுத்துத் தரச் சொல்லுங்கள். என் கையிலிருந்து வாங்குங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லேகா