பிரீதர் குழாயில் வைத்த கார்க்

தொம்மலூர்,
14-3-1998

சௌபாக்கியவதி நிருபமாவுக்கு அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று போன இரண்டு கடிதங்களில் எழுதியது உண்மை இல்லையம்மா. உன் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து ஜனவரியில் ஆபரேஷன் ஆயிற்று, இப்போது ரேடியேஷன் நடக்கிறது. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயந்து, உனக்கு எழுதக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

தினமும் நம் பழைய காரில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என்ஜின் தேய்ந்துபோய் புகை நெடி உள்ளே வந்தது, அது மூக்கில் பட்டாலே உன் அம்மாவுக்குக் குமட்டும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடுதான் உட்காருவாள். பானெட்டைத் திறந்து பார்த்தேன், என்ஜினிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாய் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. இதை அடைத்துவிட்டால் அவள் நிம்மதியாக வருவாள் என்று ஒரு ரப்பர் கார்க்கை அழுத்தி வைத்துக் கம்பியால் கட்டிவிட்டேன். நெடி நின்றது. நாலு நாள் அவள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள், எனக்கு ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம். ஐந்தாம் நாள் ஆடுகோடி அருகே ஆயில் விளக்கு எரிந்தது, வயரிங் கோளாறு என்று நினைத்து ஓட்டினேன், கடகடவென்று சத்தம் வந்து என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஆயில். உச்சி வெயிலில் உன் அம்மா நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை, அன்றைக்கு ரேடியேஷன் தவறிப்போயிற்று.

வெகுநேரம் கழித்துக் கிடைத்த ஆட்டோவில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வழியில் போனவர்கள் உதவியோடு காரைத் தள்ளிக்கொண்டு தியோடர் ஷெட்டுக்குப் போனேன். இத்தனை வருஷமாக நம் காரைப் பார்க்கிற மெக்கானிக், அவரைப் போய், சர்வீஸ் பண்ணியது நீங்கள்தானே, ஆயில் கசியாமல் ஒரு சீல் ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். அவர் குனிந்து பார்த்து, கார்க்கைப் பிடுங்கி என் கையில் வைத்தார். பிஸ்டன் ஓரமா கொஞ்சம் புகை கீழே ஆயில் இருக்கிற இடத்துக்கு எப்பவும் இறங்கும் சார், அது வெளியே போறதுக்குத்தான் இந்தக் குழாய், மூடிட்டா உள்ளே பிரஷர் ஏறி சீலைத் தள்ளிடும், ஆயில் எல்லாம் கொட்டிடும், யார் சார் இதை வெச்சது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன் நிரு. அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து உன் அம்மா போதும் என்கிறாள். இன்னும் பதினோரு நாள் பாக்கி, பாதியில் நிறுத்தினால் செய்ததெல்லாம் வீணாகலாம் என்கிறார் டாக்டர். ஆட்டோவில் போகலாம் என்றால் காதிலேயே வாங்கவில்லை. இன்று காலை கார்க் விஷயத்தை அவளிடம் சொன்னேன். குமட்டினா குமட்டிட்டுப் போறது, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு தியோடரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தெரியும் சார், அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு என்றார். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

போனில் இதெல்லாம் பேச என்னால் முடியாது, அதனால் கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்த உடனே அவளைக் கூப்பிட்டுப் பேசு, உன் பேச்சுக்கு இணங்குவாள். நான் எழுதியதை மறைக்க வேண்டாம், என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். பகவான் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து வை. லீவு கிடைத்தால் புறப்பட்டு வா அம்மா, எனக்குத் தனியாக முடியவில்லை.

உன் அப்பா,
அனந்தபத்மநாபன்