செல்வத்தின் ஒரு கிலோ பை

ஆடி 8, புதன்

காலையில் தூறல். வாய்க்காலில் தண்ணீர் கரை முட்ட ஓடுகிறது. நாற்றுப் பறிக்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. யூரியா வாங்க வேண்டும்.

செல்வம் நேற்று வந்து இறங்கினான். கூடப் பிறந்த தம்பி. அமெரிக்கா போய்ப் பதினான்கு வருஷம். வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னண்ணே, இன்னும் இந்தச் சாக்கடைய மூடலையா?" என்றான். நீ வந்து மூடேன்டா. மனசுக்குள் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீரனார் கோயிலில் கிடாவெட்டு. அவனுடைய வேண்டுதல். மூன்று கிடா.

நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஒரே காரணம் சுதா. என் மகளுக்கு அங்கே எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டது. சித்தப்பன் ஸ்பான்சர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் விசா. அடுத்த வாரம் மெட்ராஸில் இன்டர்வியூ. கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. "கிடாவெட்டு நல்லபடியா முடியட்டும்ணே, போடறேன்" என்று இழுக்கிறான். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கிராக்கி.

மத்தியானம் கரன்ட் இல்லை. அதற்கும் என்னைப் பார்த்தான்.

ஆடி 9, வியாழன்

சாமான் கட்டும் வேலை. கோயில் வரை வண்டி போகாது. ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் வரப்பில் நடை. இருபது வருஷமாக அங்கே கிடாவை உரித்துக் கூறு போடுகிறவன் நான்தான். பங்காளிகள் வேறு யாரையும் கத்தி தொட விட மாட்டார்கள். சாக்கில் எடுத்து வைத்தது:

சூரிக்கத்தி 3
அரிவாள் 1
புளியங்கட்டை
சாணைக்கல்
தாம்புக்கயிறு
குடல் அலச அண்டா
தார்ப்பாய்

செல்வம் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, வீட்டக் காலி பண்றீங்களா?" வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிய பெண்டாட்டி! அமெரிக்க சோப்பு இரண்டு வாங்கியதற்கே இந்தச் சிரிப்பு.

பிறகு அவன் பையைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினான். மடக்குக் கத்தி, சுண்டுவிரல் கனம்கூட இல்லை. மடக்கு ரம்பம். பேனா அளவில் சாணை. ரப்பர் கையுறை. நைலான் கயிறு ஒரு சுருள். கறி போட வெள்ளைத் துணிப்பை ஆறு. தராசில் வைத்தே காட்டினான். மொத்தமும் ஒரு கிலோ வரவில்லை. அங்கே லீவு விட்டால் லைசென்ஸ் வாங்கி மலையேறி மான் சுடுவானாம். மான் என்றால் நம் ஊர் மான் இல்லை, எருமை சைஸாம். சொல்லும்போது மார்பு அரையடி முன்னால் வருகிறது.

"வயித்தத் தொறக்கவே வேணாம்ணே. தொடை, முதுகு, கழுத்து. கறிய மட்டும் உருவிப் பையில போட்டுக்கிட்டு, மிச்சத்த அங்கேயே விட்டுட்டு எறங்கிடுவோம். பாதி சுமை கொறஞ்சிரும்."

மலையில் சரி. வீரனாருக்கு முதலில் வைப்பது சுட்ட ஈரல். அதை வைத்த பிறகுதான் அடுப்பில் உலை ஏறும். ஈரல் வயிற்றுக்குள்தானே இருக்கிறது! இந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதுகூடவா மறந்திருக்கும் என்று இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். விட்டுவிட்டேன்.

ஆடி 10, வெள்ளி

வெயில். பல் வலி, கிராம்பு வைத்தேன்.

ராஜமாணிக்கம் அண்ணன் வந்தார். பங்காளிகளில் மூத்தவர், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. செல்வம் கொடுத்த டார்ச் லைட்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி ஆசைப்படறான்டா. இந்தத் தடவ கத்தி அவன் கையில இருக்கட்டும். நீ மசாலாவப் பாத்துக்க."

மசாலா! இருபது வருஷம் ரத்தத்தில் நின்றவனுக்கு மல்லியும் மிளகாயும். "சரிண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல? என் சாக்கு மூட்டை மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. வயிறு எரிகிறது.

சுதா சர்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். மூன்று செட்.

ஆடி 12, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கோயில். பூசாரி மூன்று கிடாவையும் ஒரே வீச்சில் வெட்டினார். தலைகள் சாமி முன்னால். உடல்களைச் செல்வமும் பண்ணையாள் காளிமுத்துவும் கோயிலுக்குப் பின்னால் தூக்கிப் போனார்கள். "வீடியோ எடுக்கணும், ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்று விரட்டினான். சாமி மாலையை ரோட்டுக் கடையிலேயே விட்டுவிட்டார்களாம். எடுத்துவர என்னை அனுப்பினான். போக வர ஒன்றரை மணி நேரம், சேற்றில்.

திரும்பி வந்தபோது வேப்பங்கிளையில் ஆறு வெள்ளைப் பைகள். ஒரு சொட்டு ரத்தம் கீழே இல்லை. சுத்தமான வேலைதான், இல்லை என்று சொல்ல முடியாது. பங்காளிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பூசாரி தணலைக் கிளறிவிட்டுக் கேட்டார்: "ஈரல் எங்கய்யா?"



காளிமுத்து தலையைச் சொறிந்தான். "சின்னவரு வேணாம்னாரு. கூட்டோட வாய்க்கால்ல தள்ளச் சொன்னாரு. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

மூன்று கிடாவின் ஈரலும் தண்ணீரோடு! ராஜமாணிக்கம் அண்ணன் கையை ஓங்கிவிட்டார். "ஏன்டா, சாமிக்கு வெறும் எலையா போடுறது? இந்தக் குடும்பத்துலதான பொறந்த நீ?" செல்வத்துக்கு முகம் செத்துவிட்டது. நெஞ்சுக்குள் இளநீர் இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. வாங்கிக்கோடா, நன்றாக வாங்கிக்கோ.

அவன் கையுறையைக் கழற்றி எறிந்தான். "இதுக்குத்தான் இந்த ஊருப் பக்கமே வர்றதில்ல. நாளைக்கே கெளம்பறேன். இனிமே யாரும் எங்கிட்ட எதுக்கும் வராதீங்க." சொல்லிக்கொண்டே சுதாவைப் பார்த்தான். பிள்ளை வெளிறிப் போய்விட்டாள்.

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் கேட்டது. "அவன ஏண்ணே திட்டுறீங்க? மாலை எடுக்கப் போறதுக்கு முன்னாடி நான்தான் சொன்னேன். நாத்தமடிக்குது, வாய்க்கால்ல விடச் சொல்லுடான்னு. தம்பி கேட்டான், ஈரல் வேணாமான்னு. நாந்தான் யோசிக்கல."

செல்வம் என்னைப் பார்த்தான். மூச்சு விடும் நேரம்தான். பிறகு, "ஆமாண்ணே. அண்ணன்தான் சொன்னாரு" என்றான்.

ஓங்கிய கை என்மேல் இறங்கவில்லை. அண்ணன் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். இறங்கியிருந்தாலும் தேவலை.

பக்கத்து ஊரில் அலைந்து நாலாவது கிடா பிடித்து, வெட்டி, நான்தான் வயிற்றைத் திறந்தேன், இரவல் கத்தியில். சாப்பிடும்போது மணி ஐந்து. என் இலைக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

ஆடி 13, திங்கள்

மழை. கால் வீக்கம்.

செல்வம் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான்கு பக்கம், நான்கு கையெழுத்து. நோட்டரி முத்திரையும் வாங்கியாயிற்று. நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும். "பேப்பர மடிக்காம வைங்கண்ணே" என்பதோடு சரி.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் அவன் பெண்டாட்டியிடம் பேசியது கண்ணாடிக்கு வெளியே நன்றாகவே கேட்டது. "எல்லாம் அண்ணன் சொதப்பிட்டாரு. வயசாயிருச்சுல்ல." சிரிப்பு வேறு. பாவி, உண்மையென்றே நம்பிவிட்டானா?

ஆடி 15, புதன்

நாற்றுக்கட்டு 40. ஆள் ஆறு பேர்.

ராஜமாணிக்கம் அண்ணன் நேரில் வரவில்லை, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் மருமகன் கத்தி பிடிப்பானாம். நான் விறகுப் பக்கம் நின்றால் போதுமாம்.

வியாழக்கிழமையே அவன் சொன்னதைக் கேட்டவன் நான். ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தால் ஈரல் மூன்றும் இருந்திருக்கும். கடிதத்துக்குப் பயந்துதான் சும்மா இருந்தேன் என்று எழுத ஆசை. அவன் விழுவதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, நிறையவே இருந்தது.

நாளைக் காலை சுதா மெட்ராஸ் போகிறாள். சித்தப்பாவோடு, அவன் பிடித்த டாக்சியில். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"ஏம்ப்பா அப்படிப் பண்ணுனீங்க? சித்தப்பா எவ்ளோ ஆசையா வந்தாரு. அவரு மேல உள்ள பொறாமைதானே?"

வசந்தா வாசற்படியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.