குரல் மட்டும் போதாது என்ற ராபியாக்காவுக்கு

அன்புள்ள ராபியாக்கா,

அந்த மருத்துவமனையில் நம் டோக்கன் மெஷினை நேற்று மறுபடியும் வைத்துவிட்டார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கோவை கணபதியில் இருக்கும் நம் சின்ன அலுவலகத்தில் நான் செய்யும் மெஷின் திரைகளைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. பார்வையில்லாத உங்களால் பயன்படுத்த முடிந்தால்தான் அது முடிந்த வேலை. முதல் தடவை மெஷினுக்குக் குரல் வைத்ததும், பெருமையாக உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கும் அன்றைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. எதற்கென்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்பதிவு செய்திருந்த உங்கள் போன் நம்பரை மெஷினிடம் சொன்னீர்கள். மெஷின் கூடமே கேட்கும்படி சொன்னது: "ராபியா. குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவு."

என் கையைப் பிடித்து, "போலாம் மகேசு" என்றீர்கள். டாக்டரைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவில் ஏறியதும் கேட்டீர்கள்.

"எனக்குக் கண்ணு தெரியலீன்னா, என் விசயம் ஊருக்கே தெரியோணுமா? நீ திரையில படிச்சா உனக்கு மட்டுந்தானே தெரியுது?"

எல்லோருக்குமாகச் செய்வதென்றால் இன்னொரு வழியைச் சேர்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேனா அக்கா? அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் போனீர்களா?

மறுநாளே மெஷினைத் திரும்ப எடுத்து வந்து வேலையில் உட்கார்ந்தோம். இயர்போன் செருகினால் குரல் காதுக்கு மட்டும், தடவிப் பார்த்து அமுக்க மேடான பொத்தான்கள், நேரம் முடிந்தது என்று அவசரப்படுத்தாத திரை. "கண்ணு தெரியாதவங்க எத்தன பேருங்க வரப்போறாங்க?" என்றார் மருத்துவமனை மேனேஜர். "முடியாத எடத்துக்கு யாருங்க வருவாங்க?" என்று அவரையே திருப்பிக் கேட்டீர்கள். வேலை முடியும் முன்பே ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நேற்றுக் காலை முழுக்க அங்கேயே நின்றிருந்தேன். கையில் மாவுக்கட்டோடு வந்த பெண் பொத்தானை அமுக்கி டோக்கன் எடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இயர்போனில் கேட்டு எடுத்தார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவருக்குப் பார்வையும் இல்லை, காதும் கேட்காது. அவர் உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் அந்தம்மா பேசினார். அவர் பொத்தான்களைத் தடவினார், ஒன்றை அமுக்கினார், காத்திருந்தார். மெஷின் பேசியது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. மெஷின் பக்கத்தில் நம் அலுவலக அட்டையோடு நின்ற என்னிடம் அந்தம்மா கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இவருக்குன்னு ஒண்ணும் வெக்கலீங்களா?"

"இல்லீங்க" என்றேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை அக்கா. "நான் அவருகூடப் பேசலாமுங்களா?"

அந்தம்மா அவர் கையை விரித்து என் முன் நீட்டினார். 'உங்களுக்கும் செய்ய வேண்டும். நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்' என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அவர் என் கையைத் திருப்பிப் பிடித்து ஒரே ஒரு சொல் எழுதினார்: 'எப்போது?'

வருகிற வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை ஒரு கோடுகூட வரைய மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
மகேஸ்வரி